அப்பாயியின் கதை எந்த ஆணையத்தில் ஏறும்?

கோத்தகிரிப் பக்கமிருந்து சட்டம் படிக்கப் போயிருக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. "என் அப்பாயி 1977 கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த வீட்டை இழந்தவர். அடுத்த வருடம் கப்பலேறி வந்து டான்டீயில் (தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில்) கொழுந்து பறித்தார். இலங்கையில் உண்மை ஆணையம் அமைக்கப் போவதாக அவ்வப்போது செய்தி வருகிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்ததுபோல அங்கேயும் ஒன்று அமைந்தால் அப்பாயிக்கு நீதி கிடைக்குமா? உண்மையைச் சொன்ன குற்றவாளியை விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, அது நியாயமா?"

நானும் அந்தக் கடல்வழியே வந்தவன். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, 1974-இல் ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் கிடந்து, கடைசியில் பந்தலூர் மழையில் வந்து இறங்கிய குடும்பம் எங்களுடையது. பிறகு கூடலூரில் முப்பது வருடம் வக்கீல் தொழில். ஆகையால் இந்தப் பதிலில் சட்டமும் இருக்கும், கொஞ்சம் கோபமும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணையம் அமைந்தால் உங்கள் அப்பாயியின் கதையில் பாதி ஏறும். மறு பாதியை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது. என்னைக் கேட்டால் பெரிய பாதி அந்த ஏறாத பாதிதான்.

நம் ஊரில் 'ஆணையம்' என்றதும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரும், தடித்த அறிக்கை ஒன்றும், அதன்மேல் படியும் தூசியும்தான் நினைவுக்கு வரும். 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அமைவது அது. அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. அதன் முன் ஒருவர் சொன்னதை, பொய் சாட்சி வழக்கைத் தவிர வேறு வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. உண்மை ஆணையம் வேறு சாதி. விசாரணை ஆணையம் ஒரு சம்பவத்தைப் பார்க்கும்; உண்மை ஆணையம் ஒரு காலகட்டத்தையே பார்க்கும். இன்ன வருடத்திலிருந்து இன்ன வருடம் வரை இந்த நாட்டில் மனிதர்களை என்ன செய்தார்கள், யார் உத்தரவிட்டார்கள், எந்த அமைப்பு துணைபோனது என்று கேட்கும். மையத்தில் பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்திருப்பார். தண்டனை கொடுக்கும் அதிகாரம் அதற்கும் கிடையாது.

நம் மலைக்கு அருகிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. வீரப்பன் வேட்டைக் காலத்தில் இரு மாநில அதிரடிப்படைகள் மலைக் கிராமத்து மக்களைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்த புகார்களை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007-இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னார்கள். பணம் வந்தது, கூண்டில் ஏறியது யார் என்று அந்தக் கிராமங்களில் போய்க் கேட்டுப் பாருங்கள். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி வேறு வழியில் போனது. 1992 ஜூன் 20-இல் அந்தப் பழங்குடிக் கிராமத்துப் பெண்களுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட கொடுமைகளுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம். ஆனாலும் அந்தப் பெண்கள் ஜெயித்தார்கள். குழு ஒரு வழி, நீதிமன்றம் ஒரு வழி. தென்னாப்பிரிக்கா இரண்டையும் முடிச்சுப் போடப் பார்த்தது.

அங்கே நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995-இல் தனிச் சட்டம் போட்டு ஆணையம் அமைத்தார்கள். தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. 1996 ஏப்ரலில் பகிரங்க விசாரணை தொடங்கியது. வாக்குமூலம் கொடுத்தவர்கள் 21,000-க்கும் மேல். அவர்களில் சுமார் பத்தில் ஒருவர் மேடையேறிப் பேசினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஊரே கேட்டது. ஒரு சின்ன விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. அந்த நாட்டின் பல மொழிகளில் பேசியவர்களை மொழிபெயர்ப்பாளர்கள் உடனுக்குடன் மாற்றிச் சொன்னார்கள். அப்போது "அவர் மகனைக் கொன்றார்கள்" என்று சொல்ல மாட்டார்கள். "என் மகனைக் கொன்றார்கள்" என்றே சொல்ல வேண்டும். நாள் முழுவதும் அடுத்தவர் துயரத்தை 'நான், என்' என்று சொல்லிச் சொல்லி அவர்களே நொறுங்கிப்போனார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் நம் வீட்டுப் பெண்களைக் குறுக்கு விசாரணை எப்படிக் கிழிக்கும் என்று முப்பது வருடம் பார்த்தவன் நான், சில நேரம் கிழித்தவனும்கூட. ஒருவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கும் சபை ஒன்று அரசாங்கத்தின் பெயரால் நடந்தது என்பதே சின்ன விஷயமில்லை.

இனி 'விட்டுவிடுவார்கள்' என்ற உங்கள் கேள்வி. தமிழில் 'மன்னிப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு நாம் குழம்புகிறோம். அந்த அரசு கொடுத்தது வழக்கிலிருந்து விலக்கு. மன்னிக்கிற உரிமை செத்தவனின் தாயிடமேதான் இருந்தது. அவள் மன்னித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குற்றவாளி வருந்த வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்ன நிபந்தனைகள் இவை: தானே விண்ணப்பிக்க வேண்டும், தன் பெயரில், தான் செய்த செயலுக்கு, அது அரசியல் நோக்கத்தில் செய்ததாக இருக்க வேண்டும், ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவர்கள் 7,112 பேர், விலக்கு கிடைத்தது 849 பேருக்கு. நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அரசியலோடு சம்பந்தமில்லாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்கள்தான் என்றாலும், கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடவில்லை.

நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிக்கோ என்ற இளைஞர் 1977 செப்டம்பரில், உங்கள் அப்பாயியின் வீடு எரிந்த அடுத்த மாதம், போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார். அவர் குடும்பம் இந்த விலக்குச் சட்டமே செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. 1996-இல் தோற்றது. அந்தப் போலீஸ்காரர்கள் விலக்கு கேட்டபோது 1999-இல் ஆணையம் மறுத்துவிட்டது. கைகலப்பில் தலை சுவரில் மோதியது என்று பழைய பாட்டையே பாடினார்கள். சரி, விலக்கு இல்லை என்றால் வழக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? 2003-இல் வழக்கு போடப் போதிய சாட்சியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் அந்த நாட்டின் மேல் குறை வைப்பது இங்கேதான். உண்மை சொன்னவனை விட்டது ஒரு பேரம். கசந்தாலும் விளங்கிக்கொள்ள முடிகிற பேரம். உண்மை சொல்லாதவனையும் விட்டது பேரத்தை முறித்த செயல். வழக்கு தொடரச் சொல்லி ஆணையம் அனுப்பிய சுமார் முந்நூறு கோப்புகளில் நீதிமன்றம் கண்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இழப்பீடும் அப்படித்தான்: வருடா வருடம் ஆறு வருடத்துக்குக் கொடுங்கள் என்றது ஆணையம், அரசு 2003-இல் ஒரே தடவை 30,000 ராண்ட் கொடுத்துக் கணக்கை முடித்தது.

இதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. நம் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதுதான்.

ஆணையம் 1960 மார்ச் 1 முதல் 1994 மே 10 வரை நடந்தவற்றைப் பார்த்தது. எவற்றை? கொலை, ஆள்கடத்தல், சித்திரவதை, கொடுமையாக நடத்துதல் ஆகிய நான்கை. நிறவெறி முறையே மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிக்கையில் எழுதினார்கள், உண்மை. ஆனால் 'பாதிக்கப்பட்டவர்' என்று பெயர் பதிய வேண்டுமானால் அந்த நான்கில் ஒன்று உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ நடந்திருக்க வேண்டும். அந்த முறையில் முப்பத்தைந்து லட்சம் பேரை வீட்டிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். லாரி வந்தது, சாமானை ஏற்றியது, வீட்டை இடித்தது. எல்லாம் சட்டப்படி, முத்திரை குத்திய காகிதத்தோடு. அப்படிப் பெயர்க்கப்பட்டதற்காக மட்டும் ஒருவர் அந்தப் பட்டியலில் ஏற முடியவில்லை. போலீஸ்காரன் கையில் இருந்த தடி ஆணையத்தின் கண்ணில் பட்டது. எழுத்தர் கையில் இருந்த பேனா படவில்லை. இந்தக் குறையை அப்போதே சில அறிஞர்கள் எழுதினார்கள். கூடலூரில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, நம் வீட்டைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது எனக்கு.

ஏன் என்று சொல்கிறேன். 1947 தேர்தலில் இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களான மலையக மக்கள், தங்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே அவர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம். அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. ஒரு கல்லெறியில்லை, ஒரு துப்பாக்கிச் சூடில்லை. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது நாம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டை விற்கும்போதுகூடத் துண்டுக்குள் கை போட்டு விலை பேசுவார்கள். இது மேசைமேல் வெளிச்சத்தில் நடந்தது. எண்ணப்பட்டவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

உங்கள் அப்பாயிக்கு நடந்தவை இரண்டு. வீட்டை எரித்தது ஒன்று. கலவரம், தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது. ஒரு ஆணையம் வந்தால் இது ஏறும். நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று முப்பது வருடம் சொல்லிச் சொல்லிக் கப்பல் ஏற்றியது இரண்டாவது. அது சட்டம், ஒப்பந்தம், இரு பிரதமர்களின் கையெழுத்து. எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? இன்னொரு சங்கடமும் உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு கை டெல்லியுடையது. கொழும்பில் அமையும் எந்த ஆணையம் டெல்லியைக் கூப்பிட்டுக் கேட்கும்? நம்மை வரவேற்ற அரசு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் வேலை கொடுத்தது, மறுக்கவில்லை. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு வந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏறும் என்றேனே, அந்தப் பாதிக்கும் இலங்கையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1977 கலவரத்தை முன்னாள் தலைமை நீதிபதி சன்சோனி தலைமையில் ஒரு நபர் ஆணையம் விசாரித்தது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 15 வரை நடந்தவை அதன் வரம்பு. உங்கள் அப்பாயியின் வீடு அதற்குள் வரும். 1980-இல் அறிக்கை வந்தது. 1982-இல் ஒரு சட்டமும் வந்தது: அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒழுங்கைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்காக அதிகாரிகள்மேல் வழக்கு போட முடியாது என்ற காப்புச் சட்டம். தென்னாப்பிரிக்காவில் உண்மையைச் சொன்னால் விலக்கு. இங்கே வாயைத் திறக்காமலே விலக்கு. அடுத்த வருடம் தமிழர்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்ட கறுப்பு ஜூலை வந்தது.

1981 முதல் 1984 வரை நடந்த இன வன்முறைக்காக 2001-இல் அப்போதைய இலங்கை அதிபர் சந்திரிகா ஒரு ஆணையம் அமைத்தார். தலைவர் முன்னாள் தலைமை நீதிபதி சர்வானந்தா. அதன் பெயரிலேயே 'உண்மை ஆணையம்' என்று இருந்தது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2004 ஜூலையில் சந்திரிகா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டதை நான் மதிக்கிறேன். வழக்கு ஏதும் அதன் பின்னால் வரவில்லை. போர் முடிந்த பிறகு 2010-இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013-இல் காணாமல் போனவர்களுக்காக இன்னொன்று. 2015 அக்டோபரில் ஜெனீவாவில் இலங்கையே சேர்ந்து முன்மொழிந்த தீர்மானத்தில் உண்மை ஆணையம், இழப்பீட்டு அலுவலகம், காணாமல் போனோர் அலுவலகம், நீதிப் பொறிமுறை என நான்கும் வாக்களிக்கப்பட்டன. மக்களிடம் போய்க் கேட்க ஒரு செயலணி அமைத்தார்கள்; 7,000-க்கும் மேற்பட்ட முறையீடுகளை வாங்கி 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். மலையகத்திலிருந்தும் பேசினார்கள். வெளிநாட்டு நீதிபதியும் உட்காரும் நீதிமன்றம் வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்டது. கேட்டதோடு சரி. 2020-இல் அரசு அந்தத் தீர்மானத்திலிருந்தே விலகியது. 2024 ஜனவரியில் உண்மை, ஐக்கியம், நல்லிணக்கம் என்ற பெயரில் ஒரு மசோதாவை வர்த்தமானியில் (அரசிதழில்) போட்டார்கள். நீங்கள் பார்த்த செய்தி அதன் தொடர்ச்சியாக இருக்கும்.

இத்தனை ஆணையங்களின் முன் ஒரே தாய் ஒரே மகனின் புகைப்படத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சொல்வதால் பாரம் இறங்கும் என்பார்கள். ஐந்தாவது தடவை சொல்லும்போது எது இறங்கும்?

அப்படியானால் ஆணையமே வீண் என்கிறேனா? இல்லை. அர்ஜென்டினாவைப் பாருங்கள். ராணுவ ஆட்சி விழுந்ததும் 1983 டிசம்பரில் ஆணையம். ஒன்பது மாதத்தில் 8,960 பேர் காணாமல் ஆக்கப்பட்டதைப் பெயரோடு பதிந்து முடித்தார்கள். யாரையும் மன்னிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, நல்லவேளை. கோப்புகள் நேரே நீதிமன்றம் போயின. 1985-இல் தளபதிகள் விடேலாவுக்கும் மஸேராவுக்கும் ஆயுள் தண்டனை. பிறகு ராணுவம் முறைத்தது. 1986-இலும் 1987-இலும் வழக்குகளை நிறுத்தும் சட்டங்கள் வந்தன. அடுத்த அதிபர் எல்லோரையும் விடுவித்தார். முடிந்தது என்றுதான் அப்போது யாரும் நினைத்திருப்பார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. கோப்புகள் அலமாரியில் அப்படியே இருந்தன. விடேலா 2013-இல் சிறையிலேயே செத்தார். எல் சல்வடாரில் ஐ.நா. ஆணையம் 1993 மார்ச்சில் பெயர்களை வெளியிட்டது. ஐந்தாம் நாள் பொது மன்னிப்புச் சட்டம். அந்தச் சட்டம் விழ 2016 வரை ஆனது, ஆனாலும் விழுந்தது.

பெருவின் கதை வேறு விதத்தில் நமக்கு நெருக்கம். 1980 முதல் 2000 வரையிலான வன்முறையில் செத்தவர்கள் சுமார் 69,000 பேர் என்று 2003-இல் அங்குள்ள ஆணையம் கணக்கிட்டது. அதுவரை எல்லோரும் சொல்லிவந்த எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. செத்தவர்களில் நால்வரில் மூவர் கெச்சுவா அல்லது வேறு பழங்குடி மொழி பேசியவர்கள், பெரும்பாலும் மலைக்காரர்கள். அத்தனை ஆயிரம் பேர் இல்லாமல் போனது தலைநகரத்தின் கண்ணில் படவில்லை, அவர்கள் மலையில் வேறு மொழியில் செத்ததால். ஆகவே வாக்குமூலத்தை யார், எந்த மொழியில் எழுதுகிறார்கள் என்பது சின்னக் கேள்வியில்லை. பெரட்டு (காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுவது), செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), மேல் பிரட்டு லயம் என்று உங்கள் அப்பாயி பேசுவதைக் கொழும்பில் ஒருவர் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினால் என்ன மிஞ்சும்?

ஆக உங்கள் முதல் கேள்விக்கு வக்கீலாகச் சொல்கிறேன். இனி வரும் மசோதா எதுவானாலும் முதலில் இரண்டு இடங்களைப் புரட்டுங்கள். விசாரணை வரம்பு எந்த வருடத்தில் தொடங்குகிறது? 1983 என்றால் 1977 வெளியே. 1948 நினைத்தே பார்க்க முடியாது. குடியுரிமை பறிப்பை ஒரு கொடுமையாக அது பெயர் சொல்லி ஏற்கிறதா? அடுத்து, வாங்கும் சாட்சியத்தை வழக்குத் தொடுப்பவரிடம் கொடுக்கக் கடமை உண்டா, அல்லது 'கொடுக்கலாம்' என்று மட்டும் இருக்கிறதா? 'லாம்' என்று முடிந்தால் அங்கேயே மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

இதற்கெல்லாம் காத்திராமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அப்பாயி சொல்வதை இப்போதே பதிவு செய்யுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், கங்காணி யார், எந்த நாள் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். தேதி மறந்திருந்தால் திருவிழாவையோ குழந்தை பிறந்ததையோ வைத்துக் கணக்குப் போடலாம். அவர் பேச்சைத் திருத்தி எழுதாதீர்கள். வீட்டை எரித்த ஆட்களின் பெயரைச் சொன்னால் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள்; இணையத்தில் போடாதீர்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, சேமலாப நிதிக் (பி.எஃப்.) காகிதம் ஏதாவது இருந்தால் இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த நிதியில் ஒரு பகுதி வரவே இல்லை. நிரூபிக்க வேண்டிய துண்டுக் காகிதம் மண்டபத்தில் மழையில் போனது.

என் அம்மாவிடம் நான் கேட்டது அவர் எண்பதைத் தாண்டிய பிறகு. பசியைப் பற்றியும் முகாமைப் பற்றியும் சொல்வார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். அவர் சொன்னது இது. கிளம்பும் நாள் காலையில் பழக்கத்தில் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றிருக்கிறார். செக்ரோலில் பெயர் வெட்டியாகிவிட்டது. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, அவருக்கு முன்னால் நின்றவரைக் கூப்பிட்டார், பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். "என் பேரைத் தாண்டிப் போனாங்க" என்றார் அம்மா. பதினெட்டு வருடம் கூப்பிட்ட பெயர். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. தேதி போட்டு, அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.